கூரைக்குள் குடிவந்த ஜோடி

தெலுக் பிரிங்கின் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
9.3.1986

அன்புள்ள வள்ளியம்மாவுக்கு, நவமணி எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. பெரிய பேரன் ராஜு ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சட்டைப் பையில் மூன்று பேனா குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறான். அதில் ஒன்று எழுதாது, இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கிறது. சின்னவன் சேது மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடி முதலாவதாக வந்தான். கோப்பையைச் சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வருகிற மீன்காரன்கூட அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீன் நிறுக்கிறான்.

கடைசியில் சொன்னாலும் எல்லாருக்கும் மேலே பேத்தி கங்கா. விவசாயப் படிப்பு முடித்து எங்கள் தோட்டக் கம்பெனியிலேயே ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். என்ன ஆராய்ச்சி தெரியுமா? ஆந்தை! சிரிக்காதே. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையை எலி தின்று தீர்க்கிறது. மருந்து வைத்துப் பார்த்துக் கம்பெனி தோற்றுப்போனது. இப்போது தோப்புக்குள் கம்பம் நட்டு, உச்சியில் மரப்பெட்டி அடித்து, வெள்ளை முகத்து ஆந்தைகளைக் குடிவைக்கிறார்கள். எலியைப் பிடிப்பது அதுகள், சம்பளம் வாங்குவது என் பேத்தி.

இனிமேல்தான் விசேஷம். எங்கள் கம்பெனியும் உங்கள் பிஞ்சாய்ப் பக்கத்துத் தோட்டக் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆந்தையும் பெட்டியும் தருவது, நீங்கள் செம்பனைக்கடியில் மாடு மேய்த்துப் புல்லை அடக்கும் வழியைக் காட்டுவது. நடுவில் கிடப்பது கடல்தானே, அண்டை வீட்டுக்காரர்கள் ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்களாம். கங்கா காகிதத்தைப் படித்துக் காட்டினாள். மாட்டுப் பிரிவில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் செல்லையா, தகப்பனார் சிவானந்தம் என்றாள். "அடிப்பாவி, அது என் வள்ளியோட மவன்டீ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இராஜம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

இதிலே ஒரு வேடிக்கை கேள். என் பசு இந்தத் தோப்புக்குள் கால் வைத்தால் போதும், மண்டோர் வீரன் பிடித்துக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் கட்டுவான், கணக்கு எழுதுகிற கிராணி தண்டம் போடுவார். இப்போது அதே கம்பெனி மாடு எப்படிப் புல் தின்னும் என்று தெரிந்துகொள்ளக் கடல் தாண்டி ஆள் கூப்பிடுகிறது.

கங்கா மே மாதம் அங்கே வருகிறாள். உன் வீட்டில்தான் தங்க வேண்டும். முதல் ஜோடிக்கான பெட்டியை உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நடப்போகிறார்களாம். ஆந்தைச் சத்தத்துக்குப் பயப்படாதே. உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை சிவானந்தம் விட்ட குறட்டையில் லயத்து வீடுகள் அத்தனையும் எழுந்து உட்கார்ந்ததே! அதைக் கேட்டு வாழ்ந்த காதுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி
நவமணி


பிஞ்சாய், மேடான்.
30.3.1986

நவமணிக்கு வள்ளியம்மா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ராஜுவுக்கும் சேதுவுக்கும் என் ஆசி. எழுதாத பேனாவுக்கும் சேர்த்து.

கங்கா வரட்டும். அவளுக்கு என் வீட்டில் பாய் உண்டு, சோறு உண்டு, அவள் பாட்டியைப் பற்றிச் சொல்ல நிறையக் கதையும் உண்டு. ஆனால் அந்தச் சாக்குருவிக்கு இங்கே இடமில்லை.

என் வீட்டுக்காரர் போவதற்கு முதல் நாள் ஏதோ ஓர் ஆந்தை எங்கள் கூரையில் உட்கார்ந்து அலறியது. அவர் சிரித்துக்கொண்டே, "அது அதோட பொண்டாட்டியக் கூப்பிடுது, நீ படு" என்றார். மறுநாள் மாட்டுக் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். செல்லையா என்னைக் கேட்கிறான், "பறவ மேல பழி போடலாமாம்மா?" என்று. நான் பழி போடவில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

குறட்டையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அது நின்று இரண்டு வருஷம் ஆகிறது. வாழ்ந்த காலமெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே தூங்கியவள் நான். இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, தூக்கந்தான் வருவதில்லை.

இங்கே என் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத மாட்டார்கள். நான் தமிழில் எழுதுவது உனக்கு மட்டும்தான். அதனால் கோபத்தையும் உன்னிடமே எழுத வேண்டியிருக்கிறது.

வள்ளியம்மா


தெலுக் பிரிங்கின் தோட்டம்.
20.4.1986

அன்புள்ள வள்ளிக்கு,

என் வாய் அப்படி. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் உனக்கு விழ வேண்டிய பிரம்படியை எனக்குப் போட்டதும் இந்த வாயால்தானே? மன்னித்துக்கொள். குறட்டையைப் பற்றி இனி மூச்சு விட மாட்டேன்.

கங்காவிடம் சொல்லிவிட்டேன். பெட்டி உன் வீட்டுப் பக்கம் வராது. ஆற்றுக்கு அந்தப்புறம் உள்ள தோப்பில் நடுவார்கள், உன் காதுக்கு எட்டாது. போதுமா?

இங்கேயும் முதலில் சண்டைதான். பெட்டியை நட்ட அன்று லயத்துப் பெண்கள் எல்லாரும் கல்லெடுத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றது யாரென்று கேட்காதே. கங்கா எங்கள் எதிரே வந்து, "பாட்டி, முதல்ல நீங்க கல்லக் கீழ போடுங்க லா, மானம் போவுது!" என்றாள். பேத்தியாயிற்றே என்று போட்டேன். கொஞ்ச மாதத்திலேயே எலி குறைந்தது, குலை நிறைந்தது, பெண்களுக்குப் பொறுக்குகிற உதிரிப் பழமும் கூடியது. இப்போது யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். இங்கே பூசை போடாமல் நட்ட முதல் கம்பம் ஒரே மழையில் சாய்ந்துவிட்டது. நான் தேங்காய் உடைத்து நட்ட இரண்டாவது கம்பம் இன்றைக்கும் நிற்கிறது. ஆகையால் செல்லையாவிடம் சொல்லி முறையாகச் செய்யச் சொல். சாம்பிராணி தாராளமாக இருக்கட்டும். உறுமி மேளம் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். கங்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது, "பூசை கீசைன்னு எழுதிடாதீங்க பாட்டி" என்று எச்சரித்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அவள் பெட்டியில் உனக்கு ஒரு கைலி, கெர்லிங் ஊரில் போட்ட ஊறுகாய் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாயை அடக்கிக்கொண்ட
நவமணி


பிஞ்சாய்.
15.6.1986

நவமணி,

ஊறுகாய் நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் நன்றாக இல்லை.

உன் பேத்தி தங்கமானவள், அதில் குறை சொல்ல மாட்டேன். பினாங்கிலிருந்து கப்பலில் அந்த ஜோடியைக் கூண்டில் வைத்து, தன் போர்வையைக் கூண்டுக்குப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள். பெலாவான் துறைமுகத்தில் அதிகாரி போர்வையைத் தூக்கிப் பார்த்தாராம். உள்ளே இருந்த ஆந்தை முகத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்ததும், "பூரோங் ஹந்து!" என்று இரண்டு அடி பின்னால் போய், காகிதத்தைப் படிக்காமலே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பேய்ப்பறவை என்று மலாய்க்காரர்களே பேர் வைத்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் கொஞ்ச முடியும்?

பெட்டியை ஆற்றுக்கு அந்தப்புறம்தான் நட்டார்கள். வாசலுக்குக் கம்பிவலை அடித்து, பழகும் வரையில் உள்ளே வைத்தே எலி போட்டு வளர்த்தாள். போன வாரம் வலையைத் திறக்கும் நாள். செல்லையா உன் கடிதத்தை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கங்கா மேனேஜரை அழைத்துவரப் போன நேரம் பார்த்து, பையன்கள் கம்பத்தடியில் சாம்பிராணியைக் கொட்டினார்கள். புகை நேராகப் பெட்டிக்குள் போகிறது. இவன் ஏறிப் போய் வலையைத் திறக்கிறான், அதே நேரம் உறுமிக்காரன் ஓங்கி ஒரு அடி!

இரண்டும் தும்மாத குறையாக வெளியே பாய்ந்தன. தோப்பைத் தாண்டின, ஆற்றைத் தாண்டின, எங்கே போயின என்று நினைக்கிறாய்? நான் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கு மேலே வந்து, கூரை இடுக்கில் நுழைந்து உட்கார்ந்துகொண்டன. என் வீட்டுக் கூரையில்! அவர் படுத்த அறைக்கு நேர் மேலே!

கங்கா ஓடி வந்து, கையில் சாம்பிராணித் தட்டோடு நின்ற செல்லையாவைப் பார்த்தாள். "யார் மாமா சொன்னா இதெல்லாம் செய்யச் சொல்லி?" அவன் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினான். பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த ஜோடி இங்கே நிலைத்தால்தான் மற்ற ஜோடிகள் வருமாம், இல்லையென்றால் ஒப்பந்தம் இத்தோடு சரியாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் பாட்டி, கூரைக்குப் பக்கத்திலே ஒரு பெட்டி வைத்து மெதுவாக மாற்றிவிடுகிறேன் என்று அழுகிறாள். நான் விளக்குமாற்றோடு வாசலில் நிற்கிறேன். ஒரு வாரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதைத் தாங்கிப் பேசி எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம். எனக்கு இனித் தமிழ்க் கடிதமும் வேண்டாம்.

வள்ளியம்மா


தெலுக் பிரிங்கின் தோட்டம்.
2.7.1986

வள்ளி,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் தரம் படிக்கும்போது, அவர் படுத்த அறைக்கு மேலே என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

துரத்திவிடு. கங்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு, பேப்பரில் படம் வரும் என்றுகூட நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். ராசா ஊரில் இருக்கிற என் தங்கச்சி அன்னம்மாவுக்கும் எழுதிப் போட்டாயிற்று. பரவாயில்லை. பெருமை அடித்த வாய்க்குக் கொஞ்சம் மண் விழுந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நீ தூங்க வேண்டும். எலி பிடிக்க வேறு வழியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும். பூசை போடச் சொன்னது நான், கங்கா மேல் கோபப்படாதே.

உன் மகன் செல்லையா இங்கே வந்து சேர்ந்தான். ஆள் அப்படியே தகப்பன் உயரம். மின்சார வேலி கட்டி, மாட்டைக் கட்டம் கட்டமாக மாற்றி மேய விடுகிறான். முதல் நாள் மண்டோர் வீரன், "என்னடா இது, கம்பி வேலியாம் கரண்டாம்" என்று கையால் தொட்டுப் பார்த்தான். அப்புறம் சாயங்காலம் வரையில் அந்தக் கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. என் பசுவைக் கம்பெனி மந்தையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆபீஸ் வாசலில் கட்டுப்பட்ட மாடு இன்றைக்குக் கம்பெனி மாடு! வீரன் வழியில் அதைப் பார்த்தால் ஒதுங்கி நிற்கிறான்.

செல்லையாவுக்கு இங்கே இரண்டு வேளை சோறு என் கையால்தான். என்னிடம் சொன்னான், "அம்மா ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்காங்க பெரியம்மா." அதனால்தான் சொல்கிறேன், துரத்திவிடு.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நவமணி


தெலுக் பிரிங்கின் தோட்டம்.
14.9.1986

வள்ளி,

பதில் இல்லை. செல்லையா ஊருக்குத் திரும்பியும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கங்கா எழுதுகிற கடிதத்தில் "எல்லாம் ஓக்கே, அப்புறம் சொல்றேன்" என்று ஒரே வரி. பேத்தியும் சிநேகிதியும் சேர்ந்துகொண்டு என்னை ஒதுக்கி வைத்தது போல இருக்கிறது.

கன்ஃப்ரண்டாசி என்று நம் இரண்டு நாடும் சண்டை போட்ட காலத்தில் தபால் நின்றபோது, உனக்கு எழுதிய கடிதங்களைத் தகர டப்பாவில் போட்டு வைத்து, சண்டை முடிந்ததும் மொத்தமாக அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? அப்போது நிறுத்தியது அரசாங்கம். இப்போது நிறுத்த வைத்தது நான். அதைத் தாங்குவது இதைவிடச் சுலபமாக இருந்தது.

தபால்காரன் தனபாலன் தூரத்தில் சைக்கிளில் வரும்போதே கையை விரித்துக் காட்டுகிறான்.

நவமணி


பிஞ்சாய்.
9.11.1986

அன்புள்ள நவமணிக்கு,

எழுதினால் நான் தோற்றதாக ஆகிவிடும் என்றுதான் எழுதவில்லை. இப்போது தோற்றுவிட்டேன், எழுதுகிறேன்.

கங்கா அழுது அழுது என் ஒரு வாரக் கெடுவை நீட்டிக்கொண்டிருந்தாள்; உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே ஏணி போடச் சொன்னேன். "உங்க பாட்டியே சொல்லிட்டா, ஏறு" என்றேன். கங்கா கடிதத்தைப் படித்துவிட்டு ஏறினாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "பாட்டி, முட்டை இருக்கு" என்றாள். என்ன செய்வேன்? நானும் நாலு பெற்றவள். பொரித்துப் பறக்கும் வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது என்றேன். முதல் அடைகாப்பில் எல்லாம் கூமுட்டையாய்ப் போயிற்று. மறுபடியும் இட்டன. நானும் மறுபடியும் கெடு கொடுத்தேன். அலறும் அலறும் என்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

போன மாதம் ஒரு நாள் அந்தி நேரம். விளக்கேற்றிவிட்டு, காதில் இன்னும் பஞ்சு வைக்காமல், அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறேன். மேலே ஒரு சத்தம். அலறல் இல்லை. மூச்சை இழுத்து, நடுவில் கொஞ்சம் நிறுத்தி, பிறகு புஸ்ஸென்று விடுவது. மறுபடி இழுப்பு. மறுபடி புஸ். நான் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்: "ஒருக்களிச்சுப் படுங்க."

சொன்ன பிறகுதான் கை நின்றது.

கங்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். குஞ்சுகள் தீனி கேட்கிற சத்தம் பாட்டி, இந்த ஆந்தைக் குஞ்சு குறட்டை மாதிரிதான் கேட்கும் என்றாள். மூன்று குஞ்சு. மூன்றும் சேர்ந்து போட்டால் அவர் சளி பிடித்த நாளில் விட்டது போலவே இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கட்டிலிலேயே சாய்ந்தவள், விடிந்து செல்லையா கதவைத் தட்டும் வரையில் தூங்கினேன், நவமணி. அவன் பயந்துபோய் என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். நான் கண்ணைத் திறந்து, "இன்னும் இல்லடா, போய் மாட்ட அவுத்து விடு" என்றேன்.

இப்போது கூரைக்குப் பக்கத்திலே கங்கா ஒரு பெட்டி மாட்டியிருக்கிறாள். குஞ்சுகள் பறந்தால் பெரியதுகள் அதற்கு மாறுமாம். அதைத் தள்ளி வைக்கிறேன், ஆற்றுக்கு அந்தப்புறமே மாட்டுகிறேன் என்றாள். "தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் மேனேஜர் வந்து பார்த்தார். தைமாதம் இன்னும் ஆறு ஜோடி வருகிறதாம். ஒப்பந்தம் நிலைத்தது. இங்குள்ள பெண்கள் கூடிக்கொண்டு வந்து, "என்ன வள்ளியக்கா, சாக்குருவி கூரையிலயே இருக்கு, பயமா இல்லையா?" என்று கேட்டார்கள். சாவு வந்துவிட்டுப் போன வீடு, அது புதிதாக என்ன கொண்டுவரப் போகிறது என்றேன். ஒருத்தி தன் வீட்டுப் பக்கமும் ஒரு பெட்டி கேட்டிருக்கிறாள். புருஷன் ஓடிப்போனவள். அவளுக்கு எதற்குக் குறட்டை என்று தெரியவில்லை.

அந்த முதல் கடிதத்தில் நீ குறட்டையைச் சொல்லிச் சிரித்தாயே. இனி தாராளமாகச் சிரி. பூசையைப் பற்றி மட்டும் யாருக்கும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் வள்ளி


தெலுக் பிரிங்கின் தோட்டம்.
30.11.1986

என் வள்ளிக்கு,

தனபாலன் கடிதத்தைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே வந்தான். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். "ஒருக்களிச்சுப் படுங்க" என்ற இடத்தில் நான் அழுவதைப் பார்த்து, "பெரியம்மா, துக்கச் சேதியா?" என்று கேட்டான். "இல்லடா, எங்க வள்ளி தூங்கிட்டா" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கங்காவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. அன்னம்மாவுக்கு மறுபடி எழுதிப் போட்டாயிற்று. பேரப்பிள்ளைகள் சேதி சொல்லும்போது இனி ராஜு, சேது, கங்காவோடு உன் கூரையில் இருக்கிற மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். முதல்முதலாக எலி பிடித்த நாளை எனக்கு எழுது. என் பசு ஈன்றிருக்கிறது, கிடாரிக் கன்று. கம்பெனிக் கணக்கில் பிறந்தாலும் பேர் வைத்தது நான். வள்ளி என்று வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கூப்பிட்டால் முறைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறது, பேர் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

ஒன்றே ஒன்று. என்னிடம் இருக்கிற உன் படம் கல்யாணப் படம். அதில் நீ தரையைப் பார்க்கிறாய், மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். படம் பிடிக்கும்போதே தூங்கிவிட்டாரோ என்று எனக்கு இத்தனை வருஷமாகச் சந்தேகம். கங்கா ஊருக்குக் கிளம்புமுன் அவளை விட்டுப் புதுப் படம் ஒன்று எடுக்கச் சொல். நான் அனுப்பிய கைலியைக் கட்டிக்கொண்டு, கூரை இடுக்கு தெரிகிற மாதிரி முற்றத்தில் நில். குஞ்சுகள் எட்டிப் பார்த்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. நீ நேராக என்னைப் பார்க்க வேண்டும். கையில் விளக்குமாறு வேண்டாம். படம் கழுவி வந்த அன்றே தபாலில் போடு.

நவமணி